கருவறைச் செய்தி: அறிவா, அனுமானமா?

வயிற்றில் வளர்வது ஆணா, பெண்ணா என்னும் கேள்வி மிகத் தொன்மையானது. வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண் என்பர் நம் இல்லத்து மூதாட்டியர். எழும்போது எந்தக் காலை முன்வைக்கிறாள், புளிப்பை நாடுகிறாளா, இனிப்பை நாடுகிறாளா என்றெல்லாம் உற்று நோக்குவர். பண்டைய கிரேக்கரும் இதில் பின்தங்கியவர் அல்லர். கருப்பையின் வலப்புறம் ஆணுக்கும் இடப்புறம் பெண்ணுக்கும் உரியவை என்று அவர்களுள் பலர் நம்பினர். இக்குறிகளுக்குள்ள ஒரு சிறப்பு, பாதிக்குப் பாதி பலித்தே தீரும் என்பதுதான். இரண்டில் ஒன்றைச் சொல்லும் எவருக்கும் அந்த வெற்றி உண்டு. பலித்ததை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். பலிக்காததைப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் மறந்துவிடும்.

இன்று அந்த இடத்தில் ஸ்கேன் கருவி வந்து அமர்ந்திருக்கிறது. வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் மடல் எழுதியிருந்தார். அவருடைய மனைவிக்குப் பதினோராம் வாரம். அங்குள்ள டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பெண் குழந்தை என்று கூறியிருக்கிறார். “கருவறைகளில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று எங்களுக்கு ஓதிக் கொடுத்தீர்களே, ஹஜ்ரத்! டாக்டர் சொல்வதை நான் நம்பலாமா? நம்பினால் ஈமானுக்குப் பழுது வருமா?” என்பது அவர் கேள்வி. அவருடைய உம்மாவோ, கருவி சொல்வதைக் காதில் வாங்குவதே பாவம் என்று அழுகிறாராம்.

இதனுள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கருவியின் சொல் எவ்வளவு மெய் என்பது ஒன்று. அது மெய்யேயானாலும் அதனால் நமக்கு என்ன உரிமை பிறக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைத் துறையறிந்தோரிடமே கேட்க வேண்டும். வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு கருவியின் தரத்தை அளப்பது முறையாகாது.

ஸ்கேன் என்பது ஒளியால் எடுக்கும் படம் அன்று. நம் செவிக்கு எட்டாத ஒலியலைகளை உடலுக்குள் செலுத்தி, அவை மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு உருவம் அமைக்கும் முறை அது. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் 1958இல் இதனை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டினர். ஆகவே டாக்டர் காண்பது குழந்தையை அன்று. எதிரொலியால் வரையப்பட்ட நிழலை. அந்நிழலைப் படிப்பதற்குக் கண்ணும் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். சிசுவும் ஒத்துழைக்க வேண்டும். அது கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தால் ஆசான்களுக்கும் ஒன்றும் தெரியாது.

இனி, சிசுவின் நிலையைப் பார்ப்போம். ஆணா, பெண்ணா என்பது கருத்தரிக்கும் கணத்திலேயே, தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. ஆயினும் அது உருவில் வெளிப்படப் பல வாரங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் இருபாலுக்கும் ஒரே மாதிரியான சிறு முளைதான் இருக்கிறது. டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கில், பதினொன்றிலிருந்து பதினான்கு வாரங்களுக்குள் அந்த முளை திசைமாறத் தொடங்கும். ஆண் சிசுவில் அது மேல்நோக்கி நிமிரும். பெண் சிசுவில் முதுகெலும்பின் போக்கை ஒட்டிக் கிடைமட்டமாக நிற்கும். அது எத்தனை பாகை நிமிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த வாரங்களில் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

தீர்ப்பு எவ்வளவு சரி? லண்டனில் 172 கருக்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு ஒன்று இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பதினோராம் வாரத்தில் நூற்றுக்கு எழுபது அளவே சரி. பன்னிரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 99. பதின்மூன்றாம் வாரத்தில் அனைத்தும் சரி. ஒரே வாரத்தில் எழுபது, தொண்ணூற்றொன்பது ஆகிவிடுகிறது. பதினெட்டு, இருபது வாரங்களில் உறுப்புகளே தெளிவாகத் தெரியும். அப்போது பிழை மிக அரிது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பதினோராம் வாரத்துப் பிழைகள் இருபாலுக்கும் சமமாக விழவில்லை. பெண் சிசுக்களுள் நூற்றுக்கு ஐந்தைத்தான் ஆண் என்று தவறாகச் சொன்னார்கள். ஆண் சிசுக்களுள் நூற்றுக்கு 56ஐப் பெண் என்று சொல்லிவிட்டார்கள்! காரணம் எளிது. முளை இன்னும் நிமிரவில்லை. நிமிராததைக் கண்டவர் ‘பெண்’ என்று எழுதிவிட்டார். அதாவது, அந்த வாரத்தில் ‘ஆண்’ என்பது கண்டதற்குப் பெயர். ‘பெண்’ என்பது காணாததற்குப் பெயர். ஒன்றை அறியாதிருத்தல் வேறு, அது இல்லை என்று அறிதல் வேறு என்று உஸூல் பாடத்தின் தொடக்க வகுப்பிலேயே நாம் மாணவர்களுக்குச் சொல்கிறோம். அந்த வேறுபாட்டை மறந்தமையே இப்பிழையின் வேர்.

தாயின் இரத்தத்தைச் சோதித்துச் சொல்லும் புதிய முறைக்கும் இது பொருந்தும். சிசுவின் மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் மிதக்கின்றன என்பதை 1997இல் டென்னிஸ் லோவும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமின் துணுக்கு அதில் இருந்தால் ஆண், இல்லையேல் பெண். பதினோராம் வாரத்து ஸ்கேனைவிட இது மிகவும் நம்பத்தக்கது. ஆனால் மிக முன்கூட்டி எடுத்தால் துணுக்குகள் போதாமல் ஆண் சிசுவும் ‘பெண்’ ஆகிவிடும். இரட்டையாய்க் கருவுற்று ஒன்று தொடக்கத்திலேயே கரைந்திருந்தால், கரைந்த ஆண் சிசுவின் சுவடு எஞ்சியிருக்கும் பெண்ணை ‘ஆண்’ ஆக்கிவிடுவதும் உண்டு. ஆறாம் வாரத்திலேயே நஞ்சுக்கொடி எந்தப் பக்கம் என்பதைக் கொண்டு சொல்லலாம் என்போரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது கிரேக்கரின் வலமும் இடமும் புதுச் சட்டை அணிந்து வந்திருப்பது.

ஆகவே மாணவருக்கு, பதினோராம் வாரத்துச் சொல் ‘ளன்னு’ கூட அன்று, ‘ஷக்கு’க்குச் சற்று மேலானது என்றும், அதை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம் என்றும் எழுதினேன். ஐயம், அனுமானம், உறுதி என அறிவுக்குப் படிகள் உண்டு. ஒரே கருவி பதினோராம் வாரத்தில் ஒரு படியிலும் இருபதாம் வாரத்தில் வேறொரு படியிலும் நிற்கிறது.

ஈமான் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம், இறைவனிடமே உள்ள ஐந்து அறிவுகளைக் கூறுகையில் கருவறைகளில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிறது. இதைக் கொண்டு ஒரு சாரார் ஸ்கேனே பொய் என்கின்றனர். மற்றொரு சாரார், ஸ்கேன் சில வேளை பிழைக்கிறதே, ஆகவே வசனம் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதி கொள்கின்றனர். இந்த இரண்டாம் சாராரைக் கண்டே நான் அதிகம் அஞ்சுகிறேன். பதினோராம் வாரத்துப் பிழையில் ஈமானைக் கட்டி வைத்தவர், பதின்மூன்றாம் வாரத்தில் எங்கே போவார்?

கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் இதற்கு விடை கூறிவிட்டனர். இறைவன் எதைப் படைக்க நாடுகிறான் என்பதை எவரும் அறியார். ஆணென்றோ பெண்ணென்றோ அவன் கட்டளையிட்டுவிட்டால் அதற்கென அமைந்த வானவரும், படைப்புகளில் அவன் நாடியோரும் அறிவர் என்பது இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் விளக்கம். நீண்ட அனுபவத்தால் கரு ஆணா, பெண்ணா என்பதை அறிதல் கூடும் என்று குர்துபீ (ரஹ்) எழுதுகிறார். அவர்களுக்கும் முந்தியவர் ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியா நகரின் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்). (ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபி வேறு, இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் நம்மிடையே மிகுதி.) வல மார்பின் காம்பு கறுத்தால் ஆண், இட மார்பின் காம்பு கறுத்தால் பெண் என்று சொல்லும் வைத்தியரைப் பற்றி அவர் பேசுகிறார். வழக்கமாக நிகழ்வது இது என்ற அளவில் அவர் சொன்னால், அவரைக் காஃபிர் என்றோ பாவி என்றோ சொல்லமாட்டோம் என்பது காழியின் தீர்ப்பு. வைத்தியரின் குறி தவறானது; ஆனால் காழியின் தீர்ப்பு அக்குறியின் சரி தவற்றைச் சார்ந்து நிற்கவில்லை.

கரு நாற்பத்திரண்டு இரவுகளைக் கடந்ததும் வானவர் வந்து ஆணா, பெண்ணா என்று இறைவனிடம் கேட்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. விஞ்ஞானிகளும் ஏறத்தாழ அந்நாள்களில்தான் சிசுவின் உள்ளுறுப்பு ஆணாகத் திரும்பத் தொடங்குகிறது என்கின்றனர். இதைச் சொல்லிச் சில நண்பர்கள் ஆர்ப்பரிக்கின்றனர். எனக்கு அந்த அவசரம் இல்லை. நபிமொழிக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வேண்டுவதில்லை.

முதல் கலீஃபா அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13இல் மரணப்படுக்கையில் இருந்தபோது நிகழ்ந்ததை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார். மகளார் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு முன்பு இருபது வஸக் பேரீச்சம்பழம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பறித்துக் கைப்பற்றிக் கொள்ளவில்லை. இன்று அது வாரிசுகளின் சொத்தாகிவிட்டது என்று தந்தை கூறி, உன் சகோதரர் இருவரும் சகோதரியர் இருவரும் பங்காளிகள் என்றார்கள். சகோதரி அஸ்மா ஒருவர்தானே, மற்றவர் யார் என்று மகளார் வியந்து கேட்டார். தம் மனைவியாகிய காரிஜாவின் மகளுடைய வயிற்றில் உள்ளது, அது பெண்ணென்று எண்ணுகிறேன் என்றார்கள் கலீஃபா. அவ்வாறே பிறந்தவர்தாம் உம்மு குல்தூம். பலரும் இதைக் கராமத்தாக எடுத்துரைப்பர், மறுக்கவில்லை. எனக்கோ அவர்கள் ஆண்ட சொல்லே முக்கியமாகப் படுகிறது: ‘அறிகிறேன்’ என்னாமல் ‘எண்ணுகிறேன்’ என்றார்கள். அந்த எண்ணத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள்? இன்னும் முகம் காணாத ஒரு பெண்பிள்ளையைப் பங்குதாரர் வரிசையில் அமர்த்துவதற்கு!

ஃபிக்ஹுக் கலையும் இவ்வழியே நடக்கிறது. கர்ப்பிணியை விட்டு ஒருவர் இறந்தால், வயிற்றில் உள்ளது ஆணாயின் என்ன, பெண்ணாயின் என்ன என்று இரு கணக்கும் போட்டு, சிசுவுக்குக் கூடுதலாக வருவதை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள் நம் ஃபகீஹ்கள். மத்ஹபுகளுக்கிடையே நுட்பமான வேற்றுமைகள் உண்டு. அவை இங்கு வேண்டா. தெரியாத இடத்தில் தெரியாமையின் பயனைச் சிசுவுக்கே கொடுத்தனர் என்பதே கருதத்தக்கது.

நம் காலத்தில் அந்த அறிவு வேறு வழிக்குப் பயன்படுகிறது. இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1991இல் 945 பேர், 2001இல் 927, 2011இல் 919. நம் சமூகத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று மார்தட்டுவோரிடம் நான் வாதிடுவதில்லை. ஆனால் என் காதுக்கு எட்டிய வாதம் ஒன்று உண்டு. ரூஹ் ஊதப்படுவது 120 நாள்களில்தானே, அதற்கு முன்பே ஸ்கேன் சொல்லிவிடுகிறதே, ஆகையால் கலைத்தால் குற்றமில்லையே என்பது அது. கிதாபின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறு வரியை விட்டவர் வாதம் இது. 120 நாளுக்கு முன் இடங்கொடுத்த ஹனஃபி அறிஞர்களும் தக்க காரணம் கேட்டனர். இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்துக்காட்டும் காரணத்தைப் பாருங்கள்: கருவுற்றதால் தாய்ப்பால் வற்றி, செவிலித்தாய் வைக்கத் தந்தைக்கு வசதியின்றி, மடியில் இருக்கும் குழந்தை இறந்துவிடுமோ என்ற அச்சம். ஓர் உயிருக்காக இன்னோர் உயிரை எண்ணித் தவிக்கும் நிலை அது. பெண் என்பதை எந்த ஃபகீஹ் காரணமாக எழுதினார்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, கரு தரித்த தொடக்கத்திலேயே அதைக் கெடுப்பது குற்றம், வளர வளரக் குற்றத்தின் கடுமையும் வளரும் என்றார்கள்.

இங்கே நல்லெண்ணம் கொண்ட சிலர், ஸ்கேன் தவறலாம், பெண் என்று எண்ணி ஆணை இழந்துவிடாதீர்கள் என்று அறிவுரை கூறுவதுண்டு. முன்னர்க் கண்ட கணக்குப்படி பதினோராம் வாரத்தில் அது நடக்கக்கூடியதே. ஆனால் இவ்வாதத்தின் அடியில் என்ன இருக்கிறது? பெண்ணாகவே இருந்திருந்தால் இழப்பில்லை என்பதுதானே! கருவி பிழைக்கும் என்பதால் காக்கப்படும் உயிர், கருவி திருந்தியதும் யாரிடம் அடைக்கலம் புகும்? நஹ்ல் அத்தியாயம் பெண் பிறந்த சேதி கேட்டு முகம் கறுப்பவனைக் கண்டிக்கும்போது, அந்தச் சேதிக்கு இட்ட சொல் நற்செய்தியைக் குறிக்கும் ‘பஷாரத்’தின் அடியிலிருந்து பிறந்தது. அவன் கேட்ட சேதியில் பிழையே இல்லை, பெண்தான் பிறந்திருந்தாள்.

இந்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறையில் உள்ளது. 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. சொல்லாலோ, சைகையாலோ, வேறெந்த வகையாலோ சிசுவின் பாலை வெளியிடுதல் குற்றம். முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணவேண்டாம். நர்ஸம்மாவை ஓரமாக அழைத்துப் போய்க் குறிப்புக் கேட்கவும் வேண்டாம். அந்த வாரங்களில் ஸ்கேன் எடுப்பதே வேறு காரியங்களுக்காக: இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா, வளர்ச்சி எத்தனை வாரத்துக்குரியது, பிடரியின் நீர்ப்படலம் அளவோடு இருக்கிறதா. உடன் செல்லும் மாமியாரும் கணவரும் இவற்றைக் கேட்டால், டாக்டர் திரையைத் திருப்பி வைத்து விளக்கமாகவே சொல்வார்.