விருதும் ஒரு சாட்சியமே

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் பக்கம் போய்வரும் நமது வியாபாரிகள், தோட்டங்கள் இருந்த நிலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்து நிற்பதைக் காண்கிறார்கள். இத்தகைய ஸ்தாபனங்களுக்கும் அவற்றை நிறுவியவர்களுக்கும் விருதும் பட்டமும் கிடைக்கும் செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். உழைத்தவனுக்கு மரியாதை கிடைப்பது நல்லதே, பொறாமைப்பட நியாயமில்லை. ஆனால் விருது கொடுப்பவர் எதற்குச் சாட்சி சொல்கிறார்? தாம் கண்டதற்கா, கேள்விப்பட்டதற்கா?

ஹைதராபாத்தில் 1987-ல் ராமலிங்க ராஜு தொடங்கிய கம்ப்யூட்டர் கம்பெனியின் கதையைப் பாருங்கள். அதற்கு வைத்த பெயர் ‘சத்யம்’! 2007-ல் எர்னஸ்ட் அண்டு யங் ஸ்தாபனம் அவரை அவ்வாண்டின் சிறந்த தொழில்முனைவர் என்று கௌரவித்தது. 2008-ல், நேர்மையான நிர்வாகத்துக்கென வழங்கப்படும் ‘தங்க மயில்’ விருது அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. சில மாதங்களே சென்றன. 2009 ஜனவரி 7-ம் தேதி ராஜுவே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாக வராத இலாபத்தை வந்ததாக எழுதி வந்திருக்கிறார்கள். தங்க மயில் திரும்பப் பறந்துவிட்டது. 2015-ல் நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீடு செய்து பிணையில் வந்தார்.

பொய்க் கணக்கு எழுதியவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. விருது கொடுத்தவர்களோ, தணிக்கையாளர் கையெழுத்தை நம்பினோம் என்று சொல்லலாம். அது முழு விடையாகுமா? வெங்காய மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. பில்லில் ‘முதல் தரம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதுமா? விருதைப் பார்த்து நம்பிக்கை கொண்டு, சேமிப்பைப் பங்கில் போட்டவன் நஷ்டப்பட்டான். அவனுக்கு அந்த விருது ஜாமீனாக நின்றது. ஜாமீன் நின்றவருக்குப் பொறுப்பே இல்லை என்று எந்தக் கடைத்தெருவில் சொல்வார்கள்?

இனி இன்னொரு கம்பெனி. அரிசி வியாபாரியான முகம்மது ஹாஷிம் பிரேம்ஜி 1945-ல் அமல்நேரில் தொடங்கிய வனஸ்பதி ஆலைதான் இன்றைய விப்ரோ. 1966-ல் தகப்பனார் மறைய, 21 வயது மகன் அசிம் பிரேம்ஜி படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பங்குகளை விற்றுவிட்டு விலகிக்கொள்ளும்படி அவருக்குப் புத்தி சொன்னாராம்! பிற்காலத்தில் கம்ப்யூட்டர் தொழிலில் இறங்கினார். 2005-ல் பத்ம பூஷணும் 2011-ல் பத்ம விபூஷணும் வந்தன. 2019-ல் விப்ரோ பங்குகளில் 34 சதவீதத்தின் வருமானத்தைத் தமது கல்வி அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். முன்பு ஒதுக்கியதையும் சேர்த்தால் 67 சதவீதம். அவர் குறையற்றவர் என்று வாதாட நான் வரவில்லை. அவருக்குச் சொன்ன சாட்சியத்தை யாரும் சரிபார்க்கலாம். பள்ளிக்கூடங்களில் அந்தப் பணம் செய்யும் வேலையைக் கண்ணால் காணலாம்.

நமது சங்க மேடைகளில் போர்த்தும் பொன்னாடையும் இதே வகைச் சாட்சியந்தான். “கொடுக்க வருகிறவரிடம் கணக்குக் கேட்பதா? பிறகு யார் நன்கொடை தருவார்?” என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அவருடைய பேரேட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. சம்பளம் தேதியில் கிடைத்ததா என்று அவர் கடைப் பையன்களையும், பாக்கி தீர்ந்ததா என்று சரக்குக் கொடுத்தவரையும், அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேர் போய் விசாரித்து வரலாம். அரை நாள் வேலைதான்.