வாப்பாவின் இரத்தம் சொல்லும் செய்தி

முதுமையில் மறதி வருவது புதிதன்று. அறிந்தவற்றையெல்லாம் இழந்து நிற்கும் தள்ளாத பருவத்தைத் திருமறை சுட்டிக்காட்டுகிறது. அந்தப் பருவத்தை விட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். மறதியின் காரணத்தை ஒரு சிறு குப்பி இரத்தத்தில் தேடுவதுதான் புதிது.

1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், நினைவிழந்து இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்திருந்த கசடையும் உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த இழைகளையும் பற்றிச் சொன்னார். கசடு அமிலாய்ட் என்ற புரதம். இழை டாவ் என்ற புரதம். உயிரோடிருப்பவரிடம் இவற்றைக் காண, பின்னாளில் விலையுயர்ந்த பெட் ஸ்கேனும் முதுகுத் தண்டில் ஊசியிட்டு நீர் எடுப்பதும் வழிகளாயின. இப்பொழுது டாவ் புரதத்தின் ஒரு வகை இரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதை அளக்கிறார்கள். 2025 மே மாதம் இத்தகைய சோதனை ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை முதன்முதலாக அனுமதி வழங்கியது. மறதியின் அறிகுறி உள்ளவர்களுக்கே அந்த அனுமதி.

அதற்கு ஆதாரமான ஆய்வில் 499 பேர் இருந்தனர். நோய்க்குறி உண்டென்று இரத்தம் காட்டியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் அளவுக்கு அது சரியாயிருந்தது. அப்படியானால் நூற்றில் எட்டுப் பேருக்குத் தவறு. வேறு சிலருக்கு இரத்தம் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டவர்களிடம் இந்தப் புரதம் கூடுதலாகக் காணப்படுவதும் உண்டு. தைராய்டு குறைவு, பி-12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்துண்டு. ஆகவே இரத்தச் சோதனை மட்டும் தீர்ப்பாகிவிடாது. நலமாயிருப்பவர் வெறும் அச்சத்தால் இதைச் செய்துகொள்வதை மருத்துவர்களே ஆதரிப்பதில்லை. எனக்கும் அது தேவையற்ற தொல்லையாகவே படுகிறது.

அறிகுறி உள்ளவருக்குச் சோதித்து, மற்றச் சோதனைகளும் அதை உறுதிப்படுத்தினால் என்ன செய்வது? இரத்தம் கொடுத்தவர் வாப்பா. முடிவை வாங்கி வருபவர் மகன். “அவரிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்” என்று மகன் கேட்டுக்கொள்கிறார். இதில் இரக்கம் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. நோயை நிறுத்தும் மருந்தும் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாக்குகிறது. தீராத நோயைச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த மனிதருக்கு மருந்தைத் தவிர வேறு வேலையே இல்லையா? யாரிடமோ கைமாற்றாக வாங்கிய பணம் அவர் நினைவில் மட்டும் இருக்கும். கொடுக்காமல் நின்றுபோன மஹர், விடுபட்ட ஜகாத், யாரிடமோ கேட்க வேண்டிய மன்னிப்பு, சொத்தில் மூன்றிலொரு பங்குக்குள் செய்ய நினைத்த வஸிய்யத்: இவையெல்லாம் புத்தி தெளிவாயிருக்கும் போதே முடிய வேண்டியவை. புத்தி போனவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்கிறது மார்க்கம். அவருக்குத் தவணை உண்டென்று தெரிந்த மகன் அதை அவரிடமே மறைத்தால், மிச்சமிருக்கும் தெளிந்த நாட்களைத் தானே செலவழித்தவராகிறார். வாப்பாவிடம் நோயை மறைத்துவிட்டு, பத்திரத்தில் கையெழுத்து வாங்க மட்டும் விரைகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு இரக்கம் என்று பெயரா?

அந்தச் செய்தி அவருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. மகன் கையில் அது அமானிதம். அதற்காக முடிவைக் கொண்டுவந்து முகத்தில் எறியவேண்டுமென்பதில்லை. இரத்தம் எடுக்கும் முன்பே, “முடிவு எதுவானாலும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, வாப்பா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்பாரானால் அதுவும் அவர் உரிமை. கடன், வஸிய்யத் பற்றிய பேச்சை நோயின் பெயரெடுக்காமலே தொடங்க முடியும். வேண்டும் என்றால் டாக்டரே நிதானமாகச் சொல்லட்டும். உம்மாவும் அப்போது பக்கத்தில் இருக்கவேண்டும். நள்ளிரவில் பஜ்ரு நேரமென்று எழுந்து வாசலைத் திறக்கப் போகிறவரின் கையைப் பிடித்து அழைத்துவரப் போவது அவர்தானே.