ஜி.என். செட்டி சாலைக்கு வந்த ரீமான்



தேனாம்பேட்டையிலிருந்து பனகல் பார்க் பக்கம் போகிறவர்களுக்கு ஜி.என். செட்டி சாலை பழகிய சாலை. அந்தச் சாலையின் 92-ஆம் எண் கட்டடத்தில் 1990-களில் ஒரு கணித நிறுவனம் இயங்கிவந்தது. அங்கே பலருடைய ஆராய்ச்சி, 1866-லேயே காலமாகிவிட்ட ஒரு ஜெர்மானியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவர் பெர்ன்ஹார்ட் ரீமான். இன்று காலை அவரைப் பற்றியும், அவருடைய கணிதத்தை இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்த நம்மூர்க்காரர் ஒருவரைப் பற்றியும் பேசலாம்.

ரீமான் 1826-இல் ஹானோவர் அரசில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவப் போதகர். வீட்டில் ஆறு பிள்ளைகள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற பையன். பள்ளித் தலைமையாசிரியர் ஷ்மால்ஃபஸ், இவனுக்கு வகுப்புப் பாடம் போதாது என்று கண்டுகொண்டு, தன் சொந்தப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்று லெஜாந்தர் எழுதிய எண் கோட்பாட்டு நூல், எண்ணூறு பக்கத்துக்கு மேல். ஒரு வாரத்துக்குள் பையன் அதைப் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

1846-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் போனார். உலகத்திலேயே பெரிய கணித மேதை காஸ் அங்கேதான் இருந்தார். ஆனால் காஸுக்குப் பாடம் நடத்துவதில் நாட்டம் இல்லை. நடத்தியதும் ஆரம்பநிலைப் பாடங்களே. ஒரே ஊரில் இருந்தும் அந்த மேதையின் மனத்துக்குள் ஓடியது மாணவனுக்குக் கிட்டவில்லை. மறு வருஷமே ரீமான் பெர்லினுக்குப் புறப்பட்டார். அங்கே டிரிக்லே, யாக்கோபி போன்றவர்கள் தாங்கள் யோசித்துக்கொண்டிருப்பதையே வகுப்பில் நடத்தினார்கள். இரண்டு வருஷம் அவர்களிடம் படித்துவிட்டுத் திரும்பினார். 1851-இல், 25 வயதில், காஸிடமே ஆய்வேட்டைக் கொடுத்தார். 'ரீமான் பரப்பு' என்று இன்று சொல்லப்படுவது அந்த ஏட்டில் பிறந்தது.

அது என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நாலுக்கு வர்க்கமூலம் இரண்டு. மைனஸ் இரண்டும் வர்க்கமூலம்தான். பூஜ்யத்தைத் தவிர எந்த எண்ணுக்கும் இப்படி இரண்டு விடை உண்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று பார்த்தால் ஒரு சங்கடம் வரும். எண்களைக் கோட்டில் மட்டுமல்லாமல் தளம் முழுக்கப் புள்ளிகளாக வைக்கும் கலப்பெண் தளத்தில் நாலில் தொடங்கி, கையில் இரண்டு என்ற விடையை வைத்துக்கொண்டு, அதைத் துளித்துளியாக மாற்றியபடி பூஜ்யத்தை ஒரு சுற்று சுற்றி மறுபடி நாலுக்கு வாருங்கள். கையில் இருப்பது மைனஸ் இரண்டு! இன்னொரு சுற்று வந்தால்தான் பழைய இரண்டு கிடைக்கும்.

ரீமான் எந்த விடையையும் கழித்துக்கட்டவில்லை. தளத்தையே இரண்டு அடுக்காக்கினார். ஜெமினி மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஒரே புள்ளிதான். ஆனால் மேலே போகிற வண்டியும் கீழே போகிற வண்டியும் மோதிக்கொள்வதில்லை. இரண்டு விடைக்கும் இரண்டு அடுக்கு. முதல் சுற்றில் மேலடுக்குக்கு ஏறிவிடுவோம், இரண்டாவது சுற்றில் கீழடுக்குக்கு இறங்கிவிடுவோம். அடுக்குகள் ஒட்டிக்கொண்டு உருவாகும் அந்தப் பரப்பில் எந்த இடத்திலும் ஒரே விடை. எண்களைப் பற்றிய ஒரு குழப்பத்தை வடிவமாக்கித் தீர்த்துவிட்டார். எத்தனையோ முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

1854 ஜூன் 10 அன்று வடிவியலின் அடிப்படைகள் பற்றி அவர் ஆற்றிய உரை இன்னும் பெரிய செய்தி. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை பெற ஆற்ற வேண்டிய உரை அது; அதற்கு மூன்று தலைப்பு கொடுத்திருந்தார். அவர் எதிர்பார்க்காத மூன்றாவதை காஸ் தேர்ந்தெடுத்தார். அறுபது ஆண்டு கழித்து ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்கு அந்த வடிவியல்தான் கைகொடுத்தது. ஆனால் உரை ஆற்றியவருக்கு அப்போது சம்பளம் கிடையாது. பாடம் கேட்க வரும் மாணவர் கொடுக்கும் கட்டணம்தான். முதல் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கே மகிழ்ந்துபோனார். பேராசிரியர் பதவி, கல்யாணம் எல்லாம் பின்னால் வந்தன; கூடவே காசநோயும் வந்தது. உடம்பு தேற இத்தாலிக்குப் போனவர், மஜோரே ஏரிக்கரையில் 39 வயதில் இறந்தார். முந்தின நாள்கூட அத்தி மரத்தடியில் படுத்தபடி வேலை செய்துகொண்டிருந்ததாக நண்பர் டெடகிண்ட் எழுதிவைத்திருக்கிறார்.

இனி நம்மூருக்கு வருவோம். நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் அருட்தந்தை சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுக்காரர் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பாரிஸில் எலி கார்ட்டானிடம் ஆய்வு செய்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத புதுக் கணிதத்தை நல்ல மாணவர்களுக்குக் காட்டி, ஆராய்ச்சிக்குப் போ என்று தூண்டியவர். காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்து எம்.எஸ். நரசிம்மனும் அவருடைய மாணவர்கள். இருவரும் பிறந்தது 1932-இல். இருவரும் 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

1965-இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ்' இதழில் இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை வந்தது. அதில் உள்ளதுதான் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். ரீமான் பரப்பின் மேல் புள்ளிக்குப் புள்ளி ஒரு வெக்டர் வெளியைப் பொருத்தினால் கிடைப்பது வெக்டர் பண்டில். அவற்றில் சிலவற்றை நிலையானவை என்று அமெரிக்கர் மம்ஃபர்ட் இயற்கணித வழியில் வரையறுத்திருந்தார். இன்னொரு பக்கம், பரப்பைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே சேர்கிற பாதைகள் இருக்கின்றன. சற்றுமுன் இரண்டு மைனஸ் இரண்டாக மாறியதே, அதுபோல ஒவ்வொரு சுற்றிலும் என்ன மாறுகிறது என்று கணக்கு வைக்கலாம். மம்ஃபர்டின் நிலையான பண்டில்களும் இந்தச் சுற்றுக் கணக்குகளும் அடிப்படையில் ஒன்றே என்று நரசிம்மனும் சேஷாத்ரியும் நிறுவினார்கள். பின்னாளில் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளர் 1983-இல் இதற்குப் புது நிரூபணம் கொடுத்தார். இயற்பியல்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு செய்த சேஷாத்ரி 1984-இல் சென்னைக்குத் திரும்பினார். 1989-இல், 57 வயதில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் நான் முதலில் சொன்ன ஜி.என். செட்டி சாலை நிறுவனம். இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். நம் நாட்டில் ஆராய்ச்சி ஒரு பக்கம், பட்டப்படிப்பு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, கணிதத்தைப் புதிதாக உண்டாக்குகிற ஒருவரைக் கண்ணால் பார்க்கவே ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்களே பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்க வேண்டும் என்பது சேஷாத்ரியின் திட்டம். பெர்லினில் ரீமானுக்குக் கிடைத்ததும் அதுதானே.

1998-இல் இளநிலைப் படிப்பு தொடங்கியது. பட்டம் வழங்கும் அதிகாரம் அப்போது நிறுவனத்துக்கு இல்லை. போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது. சிறுசேரியில் சொந்த வளாகம் 2005-இல் வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 2006-இல். சேஷாத்ரி கடைசிவரை கணிதத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் விடவில்லை. 2020 ஜூலையில், 88 வயதில், சென்னையில் காலமானார்.

அந்த முதல் வருஷங்களில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரை நான் மிகவும் மதிக்கிறேன். பொறியியல் படித்தால் உடனே வேலை என்று எல்லா வீட்டிலும் பேசிய காலம் அது. சேரப்போவது சில பிள்ளைகளே படிக்கும் இடம். கிடைக்கப்போவது தூரத்துப் பல்கலைக்கழகத்தின் பட்டம். அப்படியும் "உனக்குப் பிடித்ததைப் படி" என்று அனுப்பினார்கள். ரீமான் கோட்டிங்கனுக்கு முதலில் போனதும் இறையியல் படிக்கத்தான். போதகர் வேலை கிடைத்தால் குடும்பத்துக்கு ஒரு பிடிப்பு. போன கொஞ்ச நாளிலேயே கணிதத்துக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார். வசதி இல்லாத அந்தப் போதகர் சரி என்று சொல்லிவிட்டார்.