பேணுதல் யார் கடமை?

"பொருளைப் பேணத் தெரியாதவனுக்குப் பொருள் எதற்கு?" என்ற கேள்வி வறியவர்களை நோக்கியே எப்பொழுதும் வீசப்படுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் வன்னிக் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பழைய கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. கடன்பட்டுப் புதுவண்டி வாங்குகிறார்கள், முதலாவது சேர்விஸைக்கூட உரிய காலத்தில் செய்விப்பதில்லை, வருடம் திரும்புமுன் எஞ்சினைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இதனைப் பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்தில் வைத்து ஆராய விரும்புகிறோம்.

முதலாவது சேர்விஸ் வெறும் சடங்கன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். பெரும்பாலான கம்பனிகள் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் அதனைச் செய்யச் சொல்கின்றன. புதிய எஞ்சினில் பிஸ்ரன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் பற்சக்கரங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கிக்கொள்ளும் காலம் அது. அந்த உராய்வில் உதிரும் நுண்ணிய உலோகத் துகள்களை எண்ணெய் ஏந்திக்கொள்கிறது. முதன்முறை வடித்த எண்ணெயை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் அதில் ஒரு மினுக்கம் தெரியும். மாற்றாது ஓடினால் அத்துகளே அரமாக நின்று எஞ்சினை அறுக்கும். செயின் தளர்ந்திருக்கும், வால்வு இடைவெளி மாறியிருக்கும், ஆணிகள் இளகியிருக்கும், பிறேக்கும் சரிபார்க்கப்பட வேண்டும். எஞ்சின் கெட்டால் நட்டம் ஒரு குடும்பத்தோடு போகும். பிறேக் கெட்டால் அப்படியன்று. மன்னார் – பூநகரி வீதியில் இரவில் ஒரு மாடு குறுக்கிடும்போது பிடிக்காத பிறேக், பின்னால் இருக்கும் பிள்ளையையும் எதிரே சைக்கிளில் வரும் அயலவரையும் சேர்த்தே பலி கேட்கும். ஆகவே பேணுதல் ஓர் அறக்கடமையே. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், அக்கடமை தவறுவதற்கு அறியாமையே காரணம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. 1983ஆம் ஆண்டின் இனவன்செயலில் யாவற்றையும் இழந்து வந்த மலையகத் தமிழர் பலர் காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர் ஜெயபுரம். 1990இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது, வன்னியின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனைத் தண்ணீராக்கும். புளக்கிற் கரி படியும். உதிரிப்பாகம் கிடையாது, புதுவண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நிலையில், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரை பழைய ஹொண்டாக்களை ஓடவைத்த மக்களுக்குப் பேணத் தெரியாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. 2008இல் இதே வீதி வழியே போர் வந்தபோது, சட்டி பானையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தவையும் அவ்வண்டிகள்தாம். அடுத்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவை துருப்பிடித்த குவியல்களாகக் கிடந்தன.

இன்றைய நிலைமையைப் பார்ப்போம். கூலிவேலை செய்யும் ஒருவர் மாதத் தவணையில் புதுவண்டி எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சேர்விஸ் இலவசம் என்று கூப்பன் கூறுகிறது. இலவசமாவது வேலைக்கூலி மட்டுமே. எண்ணெய்க்குப் பணம் கட்டவேண்டும். கம்பனி அங்கீகரித்த நிலையத்துக்குப் போவதென்றால் கிளிநொச்சி நகருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். அன்றைய கூலி போய்விடும். ஊரில் மரநிழலில் கராஜ் வைத்திருப்பவர், மண்ணெண்ணெய்க் காலத்துக் கைப்பழக்கம் உள்ளவர், அரைமணி நேரத்தில் அதே வேலையைச் செய்து தருவார். ஆனால் அவர் கைபட்டால் கம்பனியின் உத்தரவாதம் இல்லாது போகலாம் என்ற அச்சம் இருக்கிறது. அதே வாரத்தில் தவணையும் கட்டவேண்டும். தவணை தவறினால் ஆள் வீட்டு வாசலுக்கு வருவான், வண்டியைத் தூக்கிக்கொண்டும் போவான். எண்ணெய் அப்படி வந்து வாசலில் நின்று சத்தமிடுவதில்லை. எனவே, கையிலுள்ள காசு தவணைக்குப் போகிறது. சேர்விஸ் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறது.

அந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக எழுதப்பட்டிருப்பது நிதிக் கம்பனி. உடைமை ஓரிடத்திலும் அதனைப் பேணும் கடமை வேறோரிடத்திலும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உரிமையாளர் வட்டியை எண்ணிக்கொள்கிறார். அவருடைய பிணைப்பொருளின் தேய்மானத்தைக் கூலித்தொழிலாளி தன் உழைப்பால் ஈடுசெய்கிறார். ஈடுசெய்ய முடியாதபோது பொறுப்பற்றவன் என்ற பட்டத்தையும் அவரே சுமக்கிறார்.

தெரிந்துதானே கையொப்பமிட்டான் என்பார்கள். பேருந்து எப்போதாவது வரும் ஊரில், நள்ளிரவில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையோடு நிற்கும் தகப்பனுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமா? அவன் அதை வாங்காதிருக்கச் சுதந்திரம் உடையவன் என்று கூறுபவர்கள் ஒரு மாதம் அங்கே வாழ்ந்துவிட்டு வந்து பேசட்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அட்டை காட்டி மணிக்கணக்கில் வரிசையில் நின்றபோதும் அம்மக்கள் வண்டியை விட்டுவிடவில்லை, விட இயலவில்லை.

வண்டியை விற்பதற்குக் கூடாரமடித்துக் கிராமம் தேடி வருகிறவர்கள், மாதத்தில் ஒருநாள் சேர்விஸ் செய்வதற்கு வருவதில் என்ன தடை? முதலாண்டுக்குரிய எண்ணெய்ச் செலவை, காப்புறுதியைச் சேர்ப்பது போலவே, ஒப்பந்தத்திற் சேர்த்து உரிமையாளரும் பங்கேற்கலாம். முறையாகப் படிக்காது அனுபவத்தால் தேர்ந்தவர்களையும் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டின் தேசிய தொழிற்தகைமை முறையில் இருக்கிறது. அச்சான்றிதழ் பெற்ற கிராமத்துக் கராஜ்காரரின் கையொப்பத்தைக் கூப்பனில் ஏற்கும்படி கம்பனிகளைக் கோருவது நியாயமான கோரிக்கை. கடற்றொழிலாளர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் இதனைக் கையிலெடுத்தால் நன்று.

அதுவரை வண்டி ஓட்டுபவரும் சும்மா இருக்க இயலாது. செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதற்கும், காற்று வடிகட்டியிற் செம்மண் தூசியைத் தட்டுவதற்கும், எண்ணெய் மட்டத்தையும் பிறேக்கையும் பார்ப்பதற்கும் ஞாயிறு காலையில் அரைமணி நேரம் போதும். ஜெயபுரத்தில் பலர் அதனைச் செய்தே வருகிறார்கள். கூப்பனில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.