யார் வீட்டுச் சரக்கு?

பி.காம். முதல் வருஷம் சொல்லிக் கொடுத்த கணக்கு ரொம்ப எளிது. சரக்கு வாங்கிய விலை, ஆள் கூலி, வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் கூட்டு. விற்ற விலையிலிருந்து கழி. மிச்சம் லாபம்.

இப்போது ஒரு வியாபாரம் சொல்கிறேன், கேளுங்கள். சரக்கைத் தயாரிக்கிறவர் காசு கேட்பதில்லை. தரம் பார்க்கிறவரும் கேட்பதில்லை. மூலப்பொருளுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துடையது, அதாவது நீங்களும் நானும் கட்டிய வரி. முடிந்ததும், தயாரித்தவர் வேலை பார்க்கிற கல்லூரிக்கே அதைச் சந்தா போட்டு விற்கலாம். எப்படி?

கற்பனை இல்லை சார். ஆய்விதழ் பதிப்பிக்கிற தொழில் இப்படித்தான் நடக்கிறது. மலேரியாவையோ புற்றுநோயையோ ஆராய்கிறவர் கட்டுரை எழுதி அனுப்புகிறார். சக விஞ்ஞானிகள் இரண்டு மூன்று பேர் ராத்திரி கண்விழித்துச் சரிபார்க்கிறார்கள். பெரும்பாலும் யாருக்கும் பைசா கிடையாது. இதில் பெரிய கையான எல்செவியர் நிறுவனத்துக்கு 100 ரூபாய் வரவில் 35 ரூபாய்க்கு மேல் லாபம். நம்ம தெரு மளிகைக் கடைக்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

லாபம் பார்ப்பது பாவமா? காமர்ஸ் படித்தவன், அப்படிச் சொல்ல மாட்டேன். பதிப்பாளருக்கும் செலவு உண்டு, ஊழியர் உண்டு. என் பிரச்னை வேறு. அது லைபீரியாவில் இருக்கிறது.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் லைபீரிய மக்களின் ரத்தத்தைச் சோதித்து, 1982-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எபோலா கிருமி உலவும் பகுதிகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் முடிவு. எழுதியவர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை. 2014-ல் எபோலா வந்தபோது, அந்த நோய் மேற்கு ஆப்பிரிக்கப் பக்கமே வந்ததில்லை என்றுதான் அங்கே நம்பிக்கொண்டிருந்தார்கள். லைபீரியாவில் மட்டும் இறந்தவர்கள் 4,800-க்கு மேல்.

மறு வருஷம் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னீஸ் டான், சகாக்கள் இருவரோடு சேர்ந்து ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அப்படியொரு கட்டுரையைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் படிக்க 45 டாலராம். அந்த ஊர் டாக்டருக்கு ஏறக்குறைய அரை வாரச் சம்பளம்.

படித்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? கையுறைக்கே தட்டுப்பாடான ஆஸ்பத்திரிகள் அவை. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நர்ஸுகளை முன்கூட்டியே உஷார்படுத்தியிருக்கலாம் இல்லையா? ரத்தம் அவர்களுடையது. பதில் மட்டும் விலைக்கு.

கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் ‘சை-ஹப்’ என்ற தளத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கான கட்டுரைகளை இலவசமாகக் கொட்டினார். சட்டப்படி திருட்டுதான். பதிப்பகங்கள் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 ஆகஸ்ட்டில் தளத்தை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கோர்ட் சட்டத்தைத்தான் பார்க்க முடியும். ஆனால் நீங்கள் சொல்லுங்கள்: ஊர்ப்பணத்தில் வெட்டிய கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவரை விட்டுவிட்டு, சுவரேறிக் குதித்துத் தண்ணீர் மொண்டவளை மட்டும் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

‘எல்லோரும் இலவசமாகவே படிக்கட்டும், எழுதியவர் பணம் கட்டட்டும்’ என்றும் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. ‘நேச்சர்’ இதழ் 2020-ல் அதற்கு அறிவித்த கட்டணம், கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ. பூட்டு அப்படியே இருக்கிறது, வாசல்தான் மாறியிருக்கிறது.

நம் அரசாங்கமும் சும்மா இல்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று 2024 நவம்பரில் 3 வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், மத்திய அரசு ஆய்வுக்கூடங்கள் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. நம் விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் மறந்துவிட வேண்டும்.

பெரம்பலூரில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் இந்தப் பட்டியலில் வர மாட்டார். பெயர் தெரியாத காய்ச்சலோடு வந்த குழந்தைக்காக அவர் ராத்திரி 11 மணிக்குக் கட்டுரை தேடினால், முதல் பத்தி வரும். அதற்குக் கீழே டாலரில் ஒரு விலை வரும்.