வளர்க்கும் சக்தியே கொல்லும் சக்தியாயின்?

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியெடுத்த இடத்தில், சில வருஷங்களில் புதுப்பட்டை வளர்ந்து மூடிக்கொள்வதைத் தோட்டத்தார் அனைவரும் அறிவர். கத்தி ஆழ்ந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டாலோ, ஆறும் இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, மறுவெட்டுக்கு உதவாமற் போகிறது. அது புற்றுநோயன்று. எனினும், ஆற்றுகின்ற வளர்ச்சியே விகாரமும் ஆகக்கூடும் என்பதை நான் முதன்முதற் கண்டது அம்மரங்களிலேதான்.

நமது சரீரத்தின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ‘பெருகுக’, ‘நிற்க’, ‘மடிக’ என்னும் கட்டளைகளை இரசாயனப் பொருள்கள் கொண்டு செல்கின்றன. ‘பெருகுக’ என்பது ஓயாமல் ஒலிக்கும்படி அவ்வழி பழுதுபட்டால் புற்றுநோய்க்கு இடமுண்டாகிறது. ஆகவே அந்நோய் வெளியிலிருந்து புகுந்த பகைவன் அன்று. நம்மை உருவாக்கிய கட்டளையே காலமும் இடமும் தப்பி ஒலிப்பது.

அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில், 1950-களில், நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. நம்மவரிடையே நேர்ந்திருப்பின் தெய்வக் குற்றமென்று கிடாய் வெட்டியிருப்போம்! அங்கோ ஆராய்ச்சியாளர் மேய்ச்சற் செடிகளைச் சோதித்தனர். சினையாடு கருவுற்ற 14-ம் நாளையொட்டி ஒருவகை மலைச்செடியைத் தின்பதே காரணமெனத் தெளிந்தனர். அதிலுள்ள நஞ்சுக்கு, கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கரை நினைந்து, சைக்ளோபமைன் என்று பெயரிட்டனர். அது தடுப்பது ‘முள்ளெலி’ என்னும் சமிக்ஞையை என்பது 1998-ல் புலனாயிற்று. (பழ ஈயில் அதன் மரபணு கெட்டால் புழு முட்போர்வை பூணுவதால் வந்த பெயர் அது.)

கருவில் முகத்தை வகுத்துக் கண்களை இரண்டாக்குவது அச்சமிக்ஞை. முதியோர் தோலில் தவறி எழுந்தால் அதுவே ஒருவகைத் தோற்புற்று. அதனை அடக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உண்பவருக்கோ மயிர் உதிர்கிறது, நாவின் சுவை கெடுகிறது, தசை பிடித்திழுக்கிறது. மயிரையும் சுவையரும்புகளையும் புதுப்பித்து வந்ததும் அதே சமிக்ஞையன்றோ? கர்ப்பிணிகள் அதை உண்ணவே ஆகாது.

இனி மறுபுறம் நோக்குவோம். நீரிழிவுக்காரரின் காற்புண் ஆற, வளர்ச்சிக் கட்டளையையே களிம்பாக்கி, பெகாப்ளெர்மின் என்ற பெயரில் 1997-ல் அமெரிக்காவில் அனுமதித்தனர். 2008-ல், மூன்றும் அதற்கு மேற்பட்ட குழாய்களும் பூசியவர்களிடையே புற்றுநோய் மரணம் மிகுந்திருக்கலாமெனக் கடும் எச்சரிக்கை விடுத்தனர். மேலும் ஆராய்ந்தபின் 2018-ல் அக்கடும் எச்சரிக்கையை நீக்கிவிட்டனர்.

இடைப்பட்ட அப்பத்து வருஷங்களில், காலை இழக்கும் தறுவாயிலிருந்த ஒருவனிடம் வைத்தியர் என்ன கூறியிருத்தல் வேண்டும்? ‘அச்சமூட்டுவதால் ஆவதென்ன? மறைப்பதே கருணை’ என்பர் சிலர். நானும் ஒருகாலத்தில் அக்கட்சியே. ஆனால் கால் அவனுடையது. எஞ்சிய ஆயுளும் அவனுடையது. எதைக் கொடுத்து எதைப் பெறுவதென்று பேரம் பேச வேறெவருக்கு உரிமையுண்டு?

என் தகப்பனாருக்குக் காற்புண் முற்றியபோது, இருவகைச் சிகிச்சைகளின் நன்மை தீமைகளை டாக்டர் ஆங்கிலத்தில் விரித்துரைத்தார். கிழவர் மனம் தளருமென்று, நன்மையை மட்டும் தமிழ்ப்படுத்தினேன். பள்ளிக்கூடம் காணாத அவர் என் முகத்தையே உற்று நோக்கிவிட்டு, “டாக்டர் அவ்வளவு நேரம் பேசினாரே தம்பி, இவ்வளவுதானா?” என்று கேட்டார்.

ஆமென்று தலையசைத்தேன்.