சோற்றைப் பற்றி யாரும் பேசாத நாள்

விருந்தில் வத்தக்குழம்பைப் புகழ்வார்கள். ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்பார்கள். சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. குழைந்துபோனால் அதைப் பற்றிப் பேச்சு வரும், விதைவிதையாக நின்றாலும் வரும். சரியாக வெந்த அன்றைக்குப் பேச்சே இருக்காது. குழம்புக்குக் கிடைக்கும் பேரில் பாதி சோற்றுடையது என்பது பரிமாறியவளுக்கு மட்டும் தெரியும். யாரும் கவனிக்காத ஒரு வேலையை நாள் தவறாமல் நன்றாகச் செய்ய எது ஒருவரைத் தூண்டுகிறது? உலை வைத்துவிட்டு நிற்கும்போதெல்லாம் எனக்குள் ஓடும் கேள்வி இது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், தனியாகச் சமைக்கத் தொடங்கிய புதிதில் போன் செய்தான்.

"அம்மா, ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணி?"

"எந்த அரிசிடா? பச்சரிசியா, புழுங்கலா? புதுசா, பழசா?"

"சோத்துக்குன்னு கேட்டேன், குடுத்தாங்கம்மா."

எண்ணாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த மூட்டைக்கு அந்தக் கணக்கு பலிக்காது. தை அறுப்பு முடிந்து வரும் புது அரிசி கொஞ்சத் தண்ணீரிலேயே குழையும், கையில் ஒட்டும். அதையே ஒரு வருடம் போட்டுவைத்தால் தண்ணீரை நிறைய இழுக்கும், உதிரியாக நிற்கும், பானையில் கூடுதலாகவும் காணும். பழைய அரிசிக்குக் கடைக்காரர் விலை ஏற்றிச் சொல்வது அதனால்தான். ரகமும் சும்மா இருக்காது. மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற கூறு மிகுந்த அரிசி உதிரும், குறைந்தது ஒட்டும். ஆகவே அரிசியை வாங்கி முதல் இரண்டு நாள் அதன் குணத்தைப் பார், பிறகு நீயே அளவு வைத்துக்கொள் என்றேன்.

குக்கரை நான் குறை சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன் எழுந்து நாலு டப்பா கட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அது மிச்சப்படுத்தித் தரும் நேரம் பெரிது. என் வீட்டிலும் அவசர நாட்களில் விசில் சத்தம்தான். ஆனாலும் மனது வடித்த சோற்றின் பக்கமே நிற்கிறது. குக்கரில் எல்லாவற்றையும் மூடி போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், அப்புறம் நமக்கு அங்கே வேலை இல்லை. வடிக்கிற சோற்றுக்குத் தண்ணீரைத் தாராளமாக வைக்கலாம், அளவு ஒரு பொருட்டே இல்லை. முடிவெடுக்க வேண்டியது கடைசி இரண்டு நிமிடத்தில்.

அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பிடிக்கும். அகப்பையை நடுப்பானையில் விட்டு ஒரு பருக்கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்குவேன். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். அந்தப் புள்ளி கரைந்தும் கரையாமலும் இருக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். "வெந்த பிறகு வடிக்காதே, வேகப்போகும்போது வடி" என்பார் என் மாமியார். மிச்சத்தைப் பானையின் சூடே பார்த்துக்கொள்ளும். வடிதட்டைப் போட்டு, கரித்துணியால் பிடித்துச் சாய்த்து, கஞ்சி சொட்டுச் சொட்டாக நின்ற பிறகு நிமிர்த்தி ஒரு குலுக்குக் குலுக்கி, பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் பருக்கை பருக்கையாக இருக்கும். பருக்கையை நசுக்கும் அந்த நொடியில், சரியா இல்லையா என்று சொல்ல எனக்கு வேறொருவர் தேவைப்படுவதில்லை. இதற்காக, சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நியாயமாகிவிடாது. மகனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்ததில் அந்த எண்ணமும் இருந்தது.

கவனிக்கப்படாத வேலையின் பலன் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்துக் குத்துவது அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்களின் அன்றாடப் பாடாக இருந்தது. அப்படி அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்பு மலாயாவில், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், அந்தச் சத்து கிடைக்காமல் பெரிபெரி நோயில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே தென்பட்டது. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பகுதியினருக்கு வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிக்காரர்களைத்தான் பிடித்தது. ஊர் விட்டு ஊர் போன கூலிகளைக் காத்தது, பெயர் தெரியாத பெண்கள் நெல் அவித்த கைப்பழக்கம். வடிக்கும்போது அந்தச் சத்தில் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடுவது உண்மைதான். நான் கஞ்சியைக் கொட்டுவதில்லை. உப்பும் மோரும் விட்டுக் குடித்துவிடுவோம். பருத்திப் புடவைக்குப் போடுவதென்றால் மட்டும் ஒரு சொம்பு எடுத்துவைப்பேன்.

நல்ல பழைய பொன்னியை யார் வடித்தாலும் சோறு வரும். கைத்திறன் தெரிவது ரேஷன் அரிசியில். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அந்த அரிசி இலவசம். எத்தனையோ வீடுகளில் அதுதான் மூன்று வேளையும். எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகும் ஒருத்தி அதை வடித்து நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தெளிகிறவரை களைந்து, அரை மணி ஊறவைத்து, பாதி வெந்ததும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பக்கத்து அடுப்பில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறாள். மூட்டை வாடை அதோடு போய்விடுகிறது. பதம் பார்க்க அவள் பருக்கையைத் தொடுவதுகூட இல்லை.

"கொதி சத்தம் மாறும்க்கா. முதல்ல சலசலன்னு இருக்கும். கஞ்சி பிடிச்சதும் தொளக் தொளக்குன்னு அடங்கும். அப்ப எறக்கிடணும்."